பிரபஞ்சம் முடிவுள்ளதா, முடிவற்றதா: நான் ஏன் இரண்டாவது பக்கம்

இரண்டு தரப்பு வாதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, முடிவற்ற பிரபஞ்சத்தின் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

நமக்குத் தெரிகிற பகுதி முடிவுள்ளதுதான், எந்தத் திசையிலும் சுமார் 4,650 கோடி ஒளியாண்டு. அதில் சண்டையே இல்லை. அதற்கும் அப்பால் என்ன என்பதுதான் கேள்வி. முடிவுள்ளது என்றால் எங்கோ ஒரு சுவர் இருக்க வேண்டுமே என்பதும் செல்லாது. பூமியின் பரப்புக்கு அளவு உண்டு, விளிம்பு கிடையாது. ஐன்ஸ்டைன் 1917இல் முன்வைத்த பிரபஞ்சமும் அந்த மாதிரிதான்.

என்னைச் சாய்த்தது வெளியின் வளைவை அளந்த விதம். வெளி கோளம் போல வளைந்திருந்தால் பூமியின் பரப்பு மாதிரி தன்னையே மூடிக்கொண்டு முடிவுள்ளதாகிவிடும், தட்டை என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி இன்று நுண்ணலையாக வானம் முழுக்க வந்துகொண்டிருக்கிறது, அதில் கொஞ்சம் சூடான, கொஞ்சம் குளிர்ந்த திட்டுகள் இருக்கின்றன. அன்றைய பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றத் துகள்கள் நிறைந்த சூடான வாயுவில், ஒலியலை அதுவரை எவ்வளவு தூரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டால் திட்டின் உண்மையான அகலம் கிடைத்துவிடும். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் தெரியும். அப்புறம் என்ன, நம் கண்ணிலிருந்து அந்தத் திட்டு வரை ஒரு மாபெரும் முக்கோணம் தயார். வெளி தட்டையாக இருந்தால் திட்டு சுமார் 1 பாகை அகலம் தெரிய வேண்டும், அதாவது இரண்டு முழு நிலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. கோளம் போல வளைந்திருந்தால் இன்னும் பெரிதாகத் தெரியும். தெரிவது 1 பாகைதான். இந்த நுண்ணலை வானத்தை அளந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டை விண்மீன் மண்டலங்களின் பரவலோடு சேர்த்துப் பார்த்தால், வளைவு பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறது, பிழை வரம்பு வெறும் 0.2 சதவீதம். இவ்வளவு தட்டையான வெளியை எங்கோ மடக்கி மூடுவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் தேவைப்படுகிறது, அப்படியே நீளவிடுவதற்கு எதுவும் தேவையில்லை.

முடிவற்ற வெளியில் எல்லா அமைப்பும் எங்கோ திரும்ப வந்துதானே ஆக வேண்டும் என்று சிலர் மறுக்கிறார்கள். அது சங்கடம்தான், மறுப்பு ஆகாது.

ஆனால் எதிர்த்தரப்புக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை: கோள வளைவு துளி கிடைத்தாலும் அவர்கள் கட்சி ஏறக்குறைய ஜெயித்துவிடும், முடிவின்மையை எந்தக் கருவியாலும் நிரூபிக்கவே முடியாது. தட்டையாக இருந்துகொண்டே டோரஸ் (நடுவில் ஓட்டையுள்ள வடை போன்ற வடிவம்) மாதிரி தனக்குள் மூடிக்கொள்ளும் வெளியும் சாத்தியம்தான். அப்படியென்றால் ஒரே இடத்தின் ஒளி நம்மை இரண்டு திசையிலிருந்து வந்தடையும், அதனால் நுண்ணலை வானத்தில் வேறு வேறு திசைகளில் ஒரே மாதிரி வட்டங்கள் தெரிய வேண்டும். தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆனால் டோரஸ் நம் பார்வை எல்லையைவிடப் பெரிதாக இருந்தால் அந்தத் தேடலில் அகப்படாது. ஒரு ஜோடி வட்டம் உறுதியாகச் சிக்கட்டும், அன்றே நான் கட்சி மாறுகிறேன்.