வேலூர் வெயிலில் ஒரு பனிச்சிறுத்தைப் பொம்மை

விலையில் ஒரு பங்கு பனிச்சிறுத்தைப் பாதுகாப்புக்குச் செல்லும் என்றும், கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட உண்மையான விலங்கொன்றின் நடமாட்டத்தைக் கைபேசியிலேயே காணலாம் என்றும் ஓர் இணையக் கடை விளம்பரம் செய்ததை நம்பி, சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு இந்தப் பஞ்சுப் பொம்மையை மகளுக்காக வரவழைத்தேன்.

பொம்மை நேர்த்தியாகவே இருக்கிறது. பனிச்சிறுத்தை உறங்கும்போது தன் நீண்ட, தடித்த வாலால் முகத்தைப் போர்த்திக்கொள்ளும். அதேபோல் பொம்மையின் வாலையும் மூக்குவரை வளைத்து வைக்க முடிகிறது. ஆனால் அக்னி நட்சத்திரத்தில், மின்வெட்டு நேரத்தில், இத்தனை அடர்ந்த ரோமத்தைக் கட்டிக்கொண்டு உறங்குவது தனித் தவம். இரண்டாம் வாரமே பிரிந்துவிட்ட வலக்காதின் தையலை நானே ஊசி நூல் கொண்டு சரிசெய்தேன்.

பொம்மையோடு வந்த அட்டையிலுள்ள குறியீட்டைக் கைபேசியால் வருடினால் வரைபடத்தில் விலங்கு சென்ற தடம் புள்ளிகளாக விரிகிறது. அவை பல மாதங்கள் பழையவை. அதை நான் குறையாகக் கருதவில்லை. இருப்பிடம் உடனுக்குடன் வெளியானால் கள்ள வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டுவதாகிவிடும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருப்பவையே 718தான், அவற்றில் 477 லடாக்கில்.

என் மனத்தாங்கல் வேறு. எவ்வளவு தொகை, எந்த அமைப்புக்குச் சென்றது என்று மின்னஞ்சலில் இருமுறை கேட்டேன். இரண்டு முறையும் நன்றி மட்டுமே பதிலாக வந்தது.