ஆறு கம்பி போதுமா? லேப் ஸ்டீல் வாங்குமுன் ஒரு கணக்கு

கம்பிமேல் ‘பார்’ என்ற இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஆசை வந்த சேலத்துக்காரருக்கு நாலு வழி உண்டு: வீட்டில் கிடக்கும் அகூஸ்டிக் கிட்டாரை மாற்றிக்கொள்வது, மடியில் கிடத்தி வாசிக்கும் ஆறு கம்பி எலெக்ட்ரிக் லேப் ஸ்டீல், பத்துக் கம்பி பெடல் ஸ்டீல், கிட்டாரை மாற்றி உருவாக்கிய மோகன வீணை. விலை கூடினால் வாத்தியமும் உசத்தி என்று கடைசியிலிருந்து தொடங்குவது தப்புக் கணக்கு.

பெடல் ஸ்டீலையே எடுத்துக்கொள்வோம். இ9 எனும் வழக்கமான சுருதி அமைப்பில் மூன்று பெடல், முழங்காலால் தள்ளும் நாலைந்து லீவர். முதல் பெடல் பி கம்பிகளை சி ஷார்ப்புக்கும், இரண்டாவது ஜி ஷார்ப் கம்பிகளை ஏ-வுக்கும் ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் இடக்கை நகராமலே இ மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஏ மேஜராகிவிடும். அடியில் இருக்கும் அத்தனை ராடும் கிராங்கும் இந்த வேலைக்குத்தான். ராகத்திலோ கார்டு மாறுவதே இல்லை. கீர்த்தனையோ சினிமா மெட்டோ வாசிப்பவருக்கு அந்த இயந்திரம் பெரும்பாலும் சும்மா கிடக்கும். போதாததற்கு 0.011 அங்குல மூன்றாவது கம்பி அடிக்கடி அறும். கன்ட்ரி இசைதான் வேண்டும் என்றால் மட்டும் இதற்கு மாற்று இல்லை.

மோகன வீணையின் நாதத்துக்குக் குறை சொல்ல முடியாது. இந்துஸ்தானி கலைஞர் விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி வாங்கியது அதை வைத்துத்தான். ஆனால் மொத்தம் 20 கம்பி, அதில் மீட்டாமலே கூடவே அதிரும் 12 தரபு கம்பிகளையும் ராகத்துக்கு ராகம் சேர்க்க வேண்டும். சேலத்து வெயிலில் சேர்த்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் பெட்டியைத் திறந்தால் குளிரில் கம்பி இறுகி எல்லாமே சுருதி ஏறியிருக்கும். ஆறு கம்பிக்கு இரண்டு நிமிடம் போதும். இருபதுக்கு? கேட்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டே வரலாம்.

ஆக, நிஜமான போட்டி முதல் இரண்டுக்குள்தான்.

பழைய கிட்டார் மலிவு. வெயிலில் கழுத்து வளைந்து, விரல் அமுக்க முடியாமல் ஒதுக்கியதுகூட ஆகும். கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டைத் தொடப் போவதில்லையே. கம்பி மாட்டும் பிரிட்ஜ், மேல்பலகையிலிருந்து பெயர்ந்திருந்தால் மட்டும் வேண்டாம். நைலான் கிட்டாரும் வேண்டாம். இரும்புக் கம்பி போட்டால் பிரிட்ஜைப் பிய்த்துவிடும். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் நட்டின்மேல் உயர்த்தும் உலோக நட்டைச் செருகினால் கம்பி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் உயரும். பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். தகராறு இங்கேதான் தொடங்கும். பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் வில்போல் வளைந்திருப்பதால் நடுக்கம்பிகள் மேடாக நிற்கும், பார் ஓரக்கம்பிகளில் சரியாக உட்காராமல் கிறுகிறுக்கும். மேல் விளிம்பு நேரான சேடில் ஒன்று போட்டால் தீர்ந்தது.

எலெக்ட்ரிக் லேப் ஸ்டீலில் இந்தச் சிக்கல் இல்லை, நாதமும் நீண்டு நிற்கும். ஆனால் கம்பி நீளம் வழக்கமாக 22.5 அங்குலம், 25.5 அங்குலக் கிட்டாரில் 36 மில்லிமீட்டர் இருக்கும் முதல் ஃப்ரெட் இடைவெளி இதில் 32 மில்லிமீட்டர்தான். அதே கம்பி, அதே சுருதியில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறையும். மெல்லிய கம்பி போட்டால் பாரின் கனத்தில் தாழ்ந்து சுருதி ஏறிவிடும். தடித்த கம்பியே போடுங்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்றால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது ஆம்ப்பில் ‘கொர்ர்’ கேட்கும். பேட்டரி ஆம்ப் வைத்தால் நிம்மதி.

எங்கள் ஓட்டு, தொடங்குகிறவருக்குப் பழைய கிட்டார். ஆறு மாதம் கழித்தும் மடியை விட்டு இறக்க மனமில்லை என்றால் எலெக்ட்ரிக்.

சுருதிக்கு ஓபன் டி: தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. வழக்கமான கிட்டார் சுருதியிலிருந்து எந்தக் கம்பியையும் ஏற்ற வேண்டாம், நாலை இறக்கினால் போதும், அறுபடும் பயமில்லை. நம் கணக்கில் ச ப ச க ப ச. அந்தரக் காந்தாரம் என்பதால் சங்கராபரணம், மாயாமாளவகௌளை நேராக வரும். ஆபேரிக்கு எஃப் ஷார்ப் கம்பியை எஃப்-க்கு இறக்கிச் சாதாரணக் காந்தாரமாக்குங்கள். இந்தோளத்தில் பஞ்சமமே இல்லை. ஏ கம்பிகள் இரண்டும் ஒலிக்காமல் அடக்கியே வாசிக்க வேண்டும்.

பார் ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கிட்டார் விரல்போல் கோட்டுக்கு முன்னால் அல்ல. பக்கவாட்டில் பார்த்தால் கண் ஏமாற்றும். பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பியில் படிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கக் கம்பியும் சேர்ந்து முனகும்.

பாரை லேத் பட்டறையிலேயே கடைந்துகொள்ளலாம். சேலம் உருக்காலை உருட்டுவது ஸ்டெயின்லெஸ் தகடு. நமக்கு வேண்டிய ராடு கம்பிக் கடையில்தான். 19 மில்லிமீட்டர் விட்டம், 75 மில்லிமீட்டர் நீளம் வெட்டினால் எடை சுமார் 170 கிராம் வரும். ஒரு முனையை உருண்டையாக்கி, முகம் தெரியும்வரை பாலிஷ் போடச் சொல்லுங்கள். சொரசொரப்பு மிச்சமிருந்தால் ஒவ்வொரு கமகமும் ‘ஸ்ஸ்’ என்று இழுபடும். மறுமுனை தட்டையாகவே இருக்கலாம், விளிம்பை மட்டும் மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் கம்பியில் மாட்டும்.