நூறு ரூபாய்த் தாளுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டி வந்தது, குடிநுழைவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போன தனியார் பேருந்தில் கண்டக்டர் எனக்குத் தர வேண்டியிருந்த 75 ரூபாயைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் ஏறி நூறு ரூபாயை நீட்டினேன். "சில்லறையாகக் கொடுங்கள் சார்." இல்லை என்றேன். டிக்கெட்டைத் திருப்பி முதுகில் 75 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார். அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்: பாக்கி வரும்வரை கண்ணயரக் கூடாது.

சிங்கப்பூரில் என் பயண அட்டையைத் தட்டினால் மீதி எவ்வளவு என்று கருவியே ஒரு காசு பிசகாமல் காட்டிவிடும். அந்த நிம்மதியில் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனவன் நான். இங்கே ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், கன்னியக்கோவில் எல்லையில் வரிசையாக நிற்கும் மதுக்கடைகள், தவளக்குப்பம் என்று ஒன்று விடாமல் விழித்திருந்து பார்த்தேன். கண்தான் வெளியே, காது முழுக்கக் கண்டக்டர் பையில் குலுங்கும் காசின் மேல்.

அரியாங்குப்பம் தாண்டியதும் டிக்கெட்டின் முதுகைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், பக்கத்தில் பலாப்பழ வாசனையோடு பையை மடியில் வைத்திருந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவின் டிக்கெட்டில் 25. அவ்வளவுதான், ஒற்றை நூறு ரூபாய்த் தாள் என் கைக்கு வந்தது. "உங்களுக்கு 75, அம்மாவுக்கு 25. இறங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்."

முன்பின் தெரியாத இரண்டு பேரை ஒரே தாளில் கூட்டாளிகளாக்கிவிட்டு அவர் படியில் தொங்கப் போய்விட்டார். அந்த அம்மா என் சட்டைப் பையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

பேருந்து நிலையத்தில் இறங்கிக் கடை கடையாக ஏறினோம். பழக்கடையில் இல்லை. செய்தித்தாள் கடையில் இல்லை என்று சொல்லக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டினார்கள். "அலைபேசியில் அனுப்பிவிடுங்களேன்" என்று யோசனை சொன்னார் ஒருவர். வெளிநாட்டு எண்ணிலும் யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023-லேயே அனுமதி வந்துவிட்டது, சிங்கப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. என் வங்கிக் கிளைக்குத்தான் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் மனம் இரங்கினார். நூறை வாங்கிக்கொண்டு ஓர் ஐம்பது ரூபாய்த் தாளும் ஐந்து பத்து ரூபாய் நாணயங்களும் கொடுத்தார். மூன்று நாணயங்களை அம்மாவிடம் நீட்டி, ஐந்து ரூபாய் அதிகமாகவே இருக்கட்டும் என்றேன்.

"இது செல்லாது தம்பி."

"செல்லும் அம்மா. அதுவரை வந்த 14 வகையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் சொல்லிவிட்டது."

"சொன்னவர்களா வந்து எனக்குக் காய் கொடுக்கப் போகிறார்கள்? எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் வாங்குவதில்லை."

டீக்கடைக்காரர் எங்கள் விவாதத்தை ரசித்தபடி அடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னால் காது கேட்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலில், ஐம்பது ரூபாய்த் தாளையே வைத்துக்கொள்ளுங்கள் என்று அம்மாவிடம் கொடுத்தேன். விட்டால் போதும் என்றிருந்தது.

அவருக்கு அது கௌரவக் குறைச்சலாகிவிட்டது. "உன் காசு எனக்கு எதற்கு?" என்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்ததும் உள்ளே பத்தும் இருபதுமாக நோட்டுகள், அடியில் கனமாகச் சில்லறை. இந்த ஊரில் காணாமல் போன சில்லறை எல்லாம் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"இவ்வளவு வைத்திருக்கிறீர்களே, கண்டக்டரிடம் கொடுத்திருக்கலாமே அம்மா?"

"அவர் பையில் இல்லாததா? நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

நிதானமாக எண்ணி எனக்குச் சேர வேண்டிய 25 ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார். ஓர் ஐந்து ரூபாய், இரண்டு பத்து ரூபாய் நாணயங்கள். அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்றாயே தம்பி" என்றார்.