எங்கள் ராஜபாளையம் நாய்க்குச் செய்த புரோஸ்டேட் அறுவை: கத்தியில் குறையில்லை, பேச்சில்தான் குறை

எங்கள் வீட்டு ராஜபாளையம் நாய் வீரனுக்கு ஏழு வயது. சென்ற ஐப்பசியில் அவன் படுத்து எழுந்த சாக்கில் இரண்டு மூன்று சொட்டு இரத்தம் கிடந்ததையும், வெள்ளைத் தொடையில் அது ஒட்டிக் காய்ந்திருந்ததையும் கண்ட பிறகுதான், பல நாட்களாக அவன் முக்கி முக்கி மலம் கழிப்பதும், அது நாடாவைப் போலத் தட்டையாக வருவதும் வெறும் மலச்சிக்கல் அல்ல என்று எங்களுக்கு உறைத்தது. தனியார் செல்லப்பிராணி மருத்துவமனை ஒன்றில் அவனுக்கு அறுவை செய்தோம். பெயரைச் சொல்லாமல், அங்கே கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

நோயைக் கண்டறிந்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியே புரோஸ்டேட்டை, அதாவது சிறுநீர்ப்பையின் கழுத்தருகே ஆணுக்கு மட்டும் உள்ள சுரப்பியை, தொட்டுப் பார்த்தார். அன்றே ஸ்கேனும் எடுத்தார். மனிதருக்கு இந்தச் சுரப்பி வீங்கினால் சிறுநீர்ப்பாதையை நெரிக்கும் என்றும், நாய்க்குப் பெரும்பாலும் வெளிப்புறமாகப் பெருத்து மலக்குடலை நெருக்கும் என்றும் அவர் ஒரு துண்டுத்தாளில் வரைந்து காட்டியபோது, நாடா போன்ற மலத்துக்குக் காரணம் விளங்கியது. காயடிக்காத ஆண் நாய்களில் ஐந்து வயதைத் தாண்டியவற்றில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவைக்கு இந்த வீக்கம் இருக்குமாம். (வயதாகும்போது மனிதரைப் போலவே புரோஸ்டேட் வீங்கும் விலங்குகள் மிகச் சில. சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் நாய்களை வைத்து இந்தச் சுரப்பியை ஆராய்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) வீரனுக்கு வீக்கத்தோடு சீழ்க்கட்டியும் சேர்ந்திருந்தது.

சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன். சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றி அது அமைந்திருக்கிறது என்றும், சிறுநீரை அடக்கும் நரம்புகள் அதன் மேற்புறத்தை ஒட்டியே ஓடுகின்றன என்றும், முழுவதும் நீக்கினால் வாழ்நாள் முழுக்கச் சிறுநீர் ஒழுகும் ஆபத்து உண்டு என்றும் பொறுமையாகச் சொன்னார். ஆகவே கட்டியைத் திறந்து, சீழை வடித்துக் கழுவி, வயிற்றுக்குள் இருக்கும் ஓமென்டம் என்னும் கொழுப்புத் திரையின் ஒரு பகுதியை அந்தக் குழிக்குள் வைத்துத் தைத்தார்கள். அந்தத் திரை இரத்த ஓட்டத்தைக் கொண்டுவந்து, எஞ்சிய கசிவையும் உறிஞ்சிக்கொள்ளும். கூடவே காயடிப்பும் நடந்தது.

முதல் இரண்டு நாட்கள் சிறுநீர்க்குழாயில் கதீட்டர் (சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாய்) இருந்தது. அதை எடுத்த பிறகு வந்த நாட்களைத்தான் யாரும் எங்களிடம் சொல்லி வைக்கவில்லை. படுக்கையை விட்டு எழுந்தவுடன் சொட்டத் தொடங்கி, வாசற்படி வரை ஒரு கோடு போட்டபடி போவான். வேப்பமரத்தடியில் வழக்கம் போலக் காலைத் தூக்கி நிற்பான், அங்கே ஒன்றும் வராது. அறுவை கெட்டுவிட்டது என்று பயந்து தொலைபேசியில் கேட்டபோது, "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்பதுதான் பதில். நரம்புகளும் சிறுநீர்ப்பையின் கழுத்தும் அதிர்ச்சியிலிருந்து மீளச் சில வாரங்கள் ஆகலாம் என்பதையும், தொடையின் உட்புறம் புண்ணாகாமல் துடைத்து உலர்த்த வேண்டும் என்பதையும் வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஐந்தாவது வாரத்தில் ஒழுக்கு நின்றது.

என் பெரிய வருத்தம் இனப்பெருக்கம் பற்றியது. வீரனைக் கிராசிங்குக்காகவே பேணி வந்தோம். தை மாதத்துக்கு இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். கையெழுத்து வாங்கிய படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. உதவியாளர், "கையோட காயடிச்சிடுவோம்" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். சாதாரண வீக்கம் மட்டும் என்றால் சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை கொடுத்து, இனப்பெருக்கத் திறனையும் காப்பாற்றிப் பார்க்க வழி உண்டு. சீழ் கட்டிய நாயைக் காயடிக்காமல் விட்டால் மீண்டும் கட்டும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்கள் எடுத்த முடிவு சரியானதே. ஆனால் அந்த விளக்கத்தை நான் அறுவைக்கு முன் மருத்துவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போனபோதுதான் கேட்டேன். காயடித்த பிறகும் விந்தணுக்கள் குழாய்களில் சில வாரங்கள் தங்கியிருக்கக்கூடும் என்பதால் பருவத்துக்கு வந்த பெட்டை நாயிடம் விடக்கூடாது என்பதையும் அன்றுதான் சொன்னார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெட்டையின் வேலியை அவன் இரண்டு முறை முகர்ந்துவிட்டு வந்திருந்தான்.

வரவேற்பில் இருந்தவர், "இனி புரோஸ்டேட்டில் கேன்சரே வராது" என்று ஆறுதல் சொன்னார். அது தவறு. காயடிப்பு வீக்கத்தைக் குறைக்குமே தவிர, நாய்களுக்கு இந்தப் புற்றுநோய் வராமல் தடுக்காது.

கட்டணம் ஸ்கேன், மயக்க மருந்து, தங்கல் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். ரசீது வரிக்கு வரி தெளிவாக இருந்தது. கூண்டுகள் சுத்தம், இரவிலும் ஆள் இருந்தார். காத்திருக்கும் இடத்தில் பூனையையும் நாயையும் எதிரெதிரே உட்கார வைப்பதை மட்டும் மாற்றலாம்.

ஒன்பதாவது வாரம் எடுத்த ஸ்கேனில் சுரப்பி பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருந்தது, குழியில் சீழ் இல்லை, மலம் பழைய உருண்டை வடிவத்தில் வருகிறது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். அடுத்த ஸ்கேனுக்கும் அங்கேதான் நாள் வாங்கியிருக்கிறோம். இம்முறை கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகிறேன்.