முட்டையில் தேதி எழுதுவதா, தண்ணீரில் போட்டுப் பார்ப்பதா?

பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி நிற்கிற வீட்டில், எந்த முட்டை என்றைக்கு இட்டது என்று தெரிந்துகொள்ள நாலு வழி இருக்கு. ஓட்டில் பென்சிலால் தேதி போடலாம், அட்டையில் வரிசையாக அடுக்கலாம், தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம், டார்ச் அடித்துப் பார்க்கலாம். நான் பென்சில் பக்கம். நம்ம ஊர் வெயில்தான் காரணம்.

அதிகம் பேர் நம்புவது தண்ணீரைத்தான். புது முட்டை அடியில் படுக்கும், நாளாக ஆக மொத்தப் பக்கம் (அகன்ற முனை) தூக்கும், பிறகு செங்குத்தாக நிற்கும், கடைசியில் மிதக்கும். ஓட்டில் இருக்கிற ஆயிரக்கணக்கான நுண்துளை வழியாக ஈரம் வெளியேறி, மொத்தப் பக்கத்துக் காற்றறை பெரிதாவதால் இப்படி ஆகிறது. ஆக, தண்ணீர் காட்டுவது முட்டை எவ்வளவு ஈரம் இழந்தது என்பதை. வயதை அல்ல. சித்திரையில் தகரக்கூரைக்கு அடியில் கிடந்த முட்டை பத்து நாளில் தலை தூக்கிவிடும். அதே நாள் இட்டது பிரிட்ஜில் இருந்தால் அநேகமாகப் படுத்தேதான் கிடக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் சேவல் நிற்கிற வீட்டில். கரு வளராமல் அடங்கிக் கிடக்க வேண்டுமானால் முட்டை ஏறக்குறைய 20 டிகிரிக்குக் கீழே இருக்கணும். பங்குனி, சித்திரையில் நம்ம அடுக்களையே 35 டிகிரியைத் தொடும். கோழி உட்காராமலே கரு அசைய ஆரம்பிக்கும், கொஞ்சம் வளரும், அப்புறம் செத்துப்போகும். அந்த முட்டையும் தண்ணீரில் ஒழுங்காகப் படுக்கும். உடைத்தால்தான் மஞ்சளில் ரத்த வளையம் தெரியும். இதைத் தடுக்க நல்ல வழி, இட்ட நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு சீக்கிரம் எடுத்துவிடுவதுதான். அவயத்துக்கு, அதாவது கோழியை அடைகாக்க விட, வைக்கவும் இதே கணக்குதான்: 7 நாளுக்கு உட்பட்ட முட்டையாகப் பார்த்து வைக்கணும், 10 நாளைத் தாண்டினால் பொரிப்பு குறையும்.

தண்ணீரில் நனைந்த முட்டையைத் திரும்ப எடுத்து வைக்கவும் கூடாது. ஓட்டின் மேல் இருக்கிற இயற்கைப் பூச்சு கரைந்துவிடும், கிருமி உள்ளே போக வழி கிடைக்கும்.

அட்டையில் அடுக்குவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 30 குழி அட்டை பண்ணை முட்டைக்குச் செய்தது. 35–40 கிராம் இருக்கிற சிறுவிடை (சின்ன ரக நாட்டுக்கோழி) முட்டை அதில் ஆடும், தட்டி விரிசல் விடும். வீட்டில் வேறொருவர் கைக்கு வந்ததை எடுத்த அன்றே வரிசையும் போச்சு. டார்ச் நல்லதுதான், காற்றறை 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் புதுசு. ஆனால் இருட்டறை வேணும், ஒவ்வொன்றாகப் பார்க்கணும். அவயம் வைத்த ஐந்தாறு நாளில் கரு பிடித்ததா என்று பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம்.

பென்சிலுக்கு வருவோம். மை வேண்டாம், மார்க்கர் வேண்டவே வேண்டாம். நுண்துளை வழியே இறங்கும், பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் வியர்வையில் கரையும். சாதா எச்பி பென்சில் வெள்ளை ஓட்டிலும் பழுப்பு ஓட்டிலும் தெரியும். இட்ட சூட்டோடு எழுதினால் ஈரத்தில் வழுக்கும், சற்று உலரட்டும். அழுத்தினால் ஓடு பொத்துப்போகும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் தேய்த்துவிட்டு எழுதணும், கழுவக் கூடாது.

எழுதுகிற இடம் மொத்தப் பக்கம். கூர்முனை கீழே இருக்கும்படி வைத்தால் தேதி மேலே தெரியும். நாள் மட்டும் போதும், மாதம் வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் எந்த முட்டையையும் வைக்கப்போவதில்லை. முட்டைக்குத் தலை, கால் கிடையாது என்பதால் 6-ம் 9-ம் குழம்பும். அடியில் ஒரு கோடு இழுத்துவிடணும். வெளியே வைக்கிற முட்டைக்குக் கோடையில் ஒரு வாரம் கெடு, பிரிட்ஜில் நாலு வாரம்.

கோழி இடம் மாறாமல் இடணும் என்று கூட்டில் ஒரு முட்டையை விட்டுவைப்போம் இல்லையா, அதற்குத் தேதி போதாது. எழுதிய பக்கம் அடியில் போய்விடும். இடுப்பைச் சுற்றி அடுப்புக்கரியால் ஒரு வளையம் போட்டால் எப்படி உருண்டாலும் தெரியும். வாரம் ஒருமுறை மாற்றணும். மறந்தால் அதுதான் கூமுட்டை. உடைந்தால் பக்கத்து முட்டையெல்லாம் நாறும்.

பென்சில் கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. வைக்கோல் படப்புக்குப் பின்னால் கோழி களவாக இட்டு, பத்துப் பன்னிரண்டு மொத்தமாகக் கிடைக்கும்போது தேதிக்கு எங்கே போவது? அப்போது தண்ணீர்தான். படுத்ததை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, அன்றைக்கே சமைத்துவிடணும். அவித்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று உரிக்கிற வரை தெரியாது. நின்றதையும் மிதந்ததையும் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஒன்றைக்கூட அவயத்துக்கு வைக்க வேண்டாம்.