இன்சார்ஜ் சிஸ்டரோடு ஒத்துப்போகவில்லை: பேசுவதா, எழுதுவதா, வார்டு மாறுவதா, விலகுவதா?

கோயம்புத்தூரில் ஒரு நர்ஸுக்கு ஓர் ஆஸ்பத்திரி சரிப்படவில்லை என்றால் பக்கத்துத் தெருவிலேயே இன்னொன்று இருக்கும். நீலகிரியில் அப்படி இல்லை. கூடலூரில் வேலையை விட்டுவிட்டு ஊட்டியில் சேர்ந்தால் தினமும் ஒரு வழிக்கே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை, அல்லது புதிதாக வாடகை வீடு. ஜூன், ஜூலை மழையில் மரம் சாய்ந்தால் காலை டியூட்டிக்குப் போய்ச் சேரவே முடியாது. அதனால் "பிடிக்கலைன்னா விட்டுட்டு வந்துடு" என்ற யோசனையை இங்கே கடைசியாக வைப்பதுதான் நியாயம்.

முதலில் இன்சார்ஜ் சிஸ்டர், அதாவது வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ், எதற்காகத் திட்டுகிறார் என்று பிரித்துப் பாருங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளை இன்னொரு நர்ஸ் சரிபார்க்காமல் கொடுத்ததற்கும், டாக்டர் போனில் சொன்ன ஆர்டரை எழுதித் திருப்பிப் படித்துக் காட்டாததற்கும் இன்சார்ஜ் கோபப்பட்டால், குரல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அவர் நோயாளியைக் காப்பாற்றுகிறார். அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். சாதி, ஊர், உடல்வாகு, பேச்சு வழக்கு என்று ஆளைக் குத்தினாலோ, மூன்று வாரமாக உங்களுக்கு மட்டுமே நைட் டியூட்டி போட்டாலோ அது வேறு.

நேரில் பேசுவதில் செலவு குறைவு, பலன் பெரும்பாலும் அதிகம். கெடுவது நேரம் தவறும்போதுதான். ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் நடக்கும்போதும், ரவுண்ட்ஸுக்கு முன்பும், எமர்ஜென்சி முடிந்த கையோடும் பேசாதீர்கள். மதிய ஷிப்ட் ஹேண்ட்ஓவர் முடிந்து வார்டு அடங்கியதும், "சிஸ்டர், ஒரு பத்து நிமிஷம் பேசணும், எப்போ வசதி?" என்று கேளுங்கள். ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுங்கள்: "நேத்து ஐ.வி. லைன் லேட்டா மாத்தினது என் தப்புதான். ஆனா பேஷண்ட் சொந்தக்காரங்க முன்னாடி சொன்னப்போ கை நடுங்கிடுச்சு. நர்சிங் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுச் சொன்னீங்கன்னா உடனே திருத்திக்குவேன்." "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

எழுத்துப் புகார் பலமானது. ஆனால் ஆதாரம் இல்லாமல் போனால் திரும்பி உங்களையே கடிக்கும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே வீட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஷிப்ட், மணி, சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர் யார் என்று எழுதுங்கள். நோயாளியின் பெயர் அதில் வரவே கூடாது. கேஸ் ஷீட்டை போனில் படம் எடுக்கவும் கூடாது; பலருடைய புகார் கவிழ்ந்துபோவது இந்த இடத்தில்தான், ரகசியம் மீறிய குற்றம் அவர்கள் தலையில் விழுந்துவிடும். நான்கைந்து சம்பவம் சேர்ந்ததும் நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு பக்கத்துக்குள் எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் பேசிப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். ஒன்று, எடுக்காத பி.பி.யை எடுத்ததாக எழுதச் சொல்வது. ராத்திரி 2 மணி ரீடிங் விட்டுப்போயிருந்தால் "எடுக்கவில்லை" என்றே எழுதி, இப்போது எடுத்ததை இப்போதைய மணியோடு பதிந்து கையெழுத்திடுங்கள். பின்னால் விசாரணை வந்தால் சார்ட்டில் இருப்பது உங்கள் கையெழுத்து, இன்சார்ஜுடையது அல்ல. இன்னொன்று, பாலியல் தொல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரி மாதிரி 10 பேருக்குக் குறைந்த இடமானாலும், புகாரே முதலாளி மேல் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மேனேஜரும் டாக்டரும் நீங்களும் ஒரே எஸ்டேட் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும்போது, வெளியே இப்படி ஒரு குழு இருப்பது பெரிய துணை.

பேசியும் மாற்றமில்லை, புகார் எழுதும் அளவுக்கும் இல்லை என்றால் வார்டு மாற்றம்தான் மலையில் நல்ல வழி என்பது எங்கள் கணிப்பு. வேலை, வீடு, பஸ் எதுவும் மாறாது. கடிதத்தில் இன்சார்ஜைக் குறை சொல்லாமல், "டயாலிசிஸ் பயிற்சி வேண்டும்", "லேபர் ரூம் அனுபவம் வேண்டும்" என்று கற்பதை முன்வைத்துக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே இன்சார்ஜ்தான் என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். ஷிப்ட் மாற்றமாவது கேளுங்கள்.

ராஜினாமா செய்வதென்றால் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று முதலில் படியுங்கள். கோபத்தில் பாதி டியூட்டியில் கிளம்பினால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் இழுபறியாகிவிடும். நோயாளிகளையும் நடுவில் விட்டதாகும். ஒரிஜினல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரியில் கொடுத்து வைத்திருந்தால், ராஜினாமாக் கடிதத்திலேயே அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்பக் கேட்டு, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.