பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறீர்களா? எஞ்சின் சூடான பிறகு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்

மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கும் யோசனையில் யாராவது இருந்தால், அதுவும் திருகோணமலைப் பக்கம் இருந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் இதை முழுதாக வாசியுங்கள். நான் ஏமாற்றப்பட்ட முறை நன்றாகத் திட்டமிட்ட ஒன்று. வாகனம் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனாலும் பிடிபடாது. நான் கூட்டிக்கொண்டு போனவர் பல வருடமாக கராஜ் நடத்துபவர். அவருக்கே பிடிபடவில்லை.

விற்ற ஆளின் பெயரையும் கார் சேலின் (பாவித்த கார் விற்கும் இடத்தின்) பெயரையும் நான் எழுதப் போவதில்லை. விஷயம் மத்தியஸ்த சபையில் இருக்கிறது. உங்களுக்குத் தெரியவேண்டியது அவர்கள் செய்த வேலைதான்.

அப்போது என் முன்னால் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று உவர்மலையில் ஒருவர் வைத்திருந்த 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். உலகம் எம்எக்ஸ்-5 என்று அறிந்த காரின் முதல் தலைமுறை, ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்கப்பட்டது. 1.6 லீட்டர் எஞ்சின், மேலே எழும்பும் ஹெட்லைட், கிழிந்த கன்வஸ் கூரை. அறுபது இலட்சத்துக்கு ஒரு சதமும் குறைக்கமாட்டேன் என்றார். மற்றது கார் சேலில் நின்ற ஆர்எக்ஸ்-8. நான்கு பேர் இருக்கலாம், ஆறு கியர், பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும், பெயின்ட் பளபளவென்று இருந்தது. நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே கேட்டார்கள்.

இவ்வளவு பழைய கார் ஏன் கூடின விலை, புதியது ஏன் மலிவு என்று அவர்களிடம் நேராகவே கேட்டேன். அங்கே நின்ற புரோக்கர் சொன்ன பதில் இது: “அண்ணை, அது பழசு எண்டபடியால்தான் அந்த விலை. இதுவும் இன்னும் அஞ்சு வருஷத்தில பழசாகும். ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் அப்பிடித்தான். இப்ப மலிவா இருக்கேக்க வாங்கி வையுங்கோ.”

கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். இந்த வசனத்தை வைத்துத்தான் இப்போது நிறையக் கார்கள் விற்கப்படுகின்றன. அதனால் இதில் எது உண்மை, எது பொய் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்கள் உலகம் முழுக்க விலை ஏறியது உண்மை. 25 வருடம் தாண்டிய காரை அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாமலே இறக்குமதி செய்யலாம். ஸ்கைலைன் ஜிரி-ஆர், சுப்ரா, ஆர்எக்ஸ்-7 எல்லாம் ஜப்பான் ஏலங்களில் எட்டாத விலைக்குப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். இலங்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நாட்டில் கிடந்த எல்லா வாகனமும் விலை ஏறின. ஓடாமல் நின்றதுகூட ஏறியது. அந்த நேரத்து விலையைக் காட்டி “ஸ்போர்ட்ஸ் கார் இறங்காது” என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் பழசானால் மட்டும் எந்தக் காரும் விலை ஏறிவிடாது. ரோட்ஸ்டர் விலை நிற்பதற்குக் காரணம், அதைத் திருத்தி ஓட வைக்கலாம் என்பது. அதன் எஞ்சின், நம் ஊரில் ஒரு காலத்தில் எங்கும் ஓடிய மஸ்டா பமிலியாவின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. திருகோணமலையில் எந்த மெக்கானிக்கும் பயப்படாமல் கழற்றிப் பூட்டுவார். மஸ்டா நிறுவனமே 2017இல் இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரை ஜப்பானில் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன சில பாகங்களைத் திரும்பவும் செய்யத் தொடங்கியது. முப்பது வருடம் கழித்தும் கன்வஸ் கூரை புதிதாகக் கிடைக்கும் என்றால் வாங்குபவருக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்குத்தான் அறுபது இலட்சம்.

ஆர்எக்ஸ்-8இன் கதை வேறு. அதற்குள் இருப்பது பிஸ்டன் இல்லாத ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. சிசியைப் பார்த்து வரி போடும் நாட்டில் அந்த எண்ணிக்கை எவ்வளவு வசதியானது என்று சொல்லத் தேவையில்லை. அற்புதமான எஞ்சின் அது, இப்போதும் மனதார அப்படித்தான் சொல்வேன். 2003இல் உலகின் சிறந்த எஞ்சின் விருது வாங்கியது. ஆறு கியர் மொடலில் எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி நிமிடத்துக்கு 9000 வரை எந்த அதிர்வும் இல்லாமல் ஏறும்போது வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் ரோட்டரின் மூன்று முனையிலும் இருக்கும் அப்பெக்ஸ் சீல் தேய்ந்தால் கொம்பிரஷன், அதாவது உள்ளே உண்டாகும் அமுக்கம், போய்விடும். போனால் எஞ்சினை முழுதாகப் பிரிக்கவேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இலங்கையில் மிகச் சிலர். அந்தச் செலவு வரப்போகிறது என்ற பயம் விலைக்குள் ஏற்கனவே இருப்பதால்தான் அந்தக் கார் மலிவு. ரோட்டரி என்பதற்காகவே வெறுக்கப்படும் என்றும் இல்லை, அதே வகை எஞ்சினோடு 2002 வரை வந்த ஆர்எக்ஸ்-7 இன்று சேகரிப்பவர்கள் துரத்தும் கார். ஆர்எக்ஸ்-8ஐ அப்படி யாரும் துரத்தவில்லை. புரோக்கர் சொன்ன அஞ்சு வருஷம் வந்தாலும் அது மாறும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயது போன வாகனத்துக்கு லீசிங் கொடுக்கக் கொம்பனிகள் தயங்கும். முழுக் காசும் கையில் உள்ளவர்தான் உங்களிடம் வாங்கலாம். அப்படிப்பட்டவர் ரோட்ஸ்டருக்கு வருவார். ஆர்எக்ஸ்-8 என்றால் முதல் கேள்வியே “கொம்பிரஷன் றிப்போர்ட் இருக்கா?” என்பதுதான்.

சரி, ஏமாற்றிய விதத்துக்கு வருகிறேன்.

காரைப் பார்க்க எங்களைக் காலை ஏழு மணிக்கு வரச்சொன்னார்கள். வெயில் ஏறினால் பெயின்ட் பார்க்க முடியாது என்றார்கள். சாவியைத் திருப்பியதும் ஒரே சுற்றில் பிடித்தது. உட்துறைமுக வீதியால் போய், உப்புவெளிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். திரும்பி வந்து நிறுத்தியதும் புரோக்கர், “அண்ணை, நிப்பாட்டாதேங்கோ, ஏசி ஓடட்டும். உள்ளுக்கிருந்தே பேப்பரைப் பார்ப்பம்” என்றார். உபசரிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். கடைசி வரைக்கும் சூடான எஞ்சினை ஒருதரம்கூட நிறுத்தி ஸ்டார்ட் பண்ண விடவில்லை. என் மெக்கானிக் காரின் உடம்பைப் பார்த்தார், சஸ்பென்ஷனைப் பார்த்தார், ஒயில் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. குறை இருந்த ஒரே இடத்தைத்தான் அவர்கள் மூடி வைத்திருந்தார்கள்.

அது வெளியில் வந்தது ஒரு நண்பகலில். கந்தளாயிலிருந்து மகனோடு திரும்பி வரும்போது தம்பலகாமம் சந்திக்குக் கிட்ட பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். அடித்து முடித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேகமாக, வழுவழுவென்று, எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது. உள்ளே அமுக்கம் இருந்தால் சுற்றும்போது ஒரு திணறல் கேட்கவேண்டும், அது இல்லை. ஷெட்டில் நின்ற பிள்ளைகள் தள்ளி ஓரத்தில் விட்டார்கள். பொனட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தோம். நன்றாக ஆறிய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல ஒரே சுற்றில் பிடித்தது.

ரோட்டரி எஞ்சின் தளர்ந்ததற்கு இதுதான் முதல் அடையாளம். ஆறியிருக்கும்போது தடித்த ஒயில் இடைவெளியை அடைத்துக் கொம்பிரஷனை ஓரளவு தாங்கிக்கொள்ளும். சூட்டில் ஒயில் இளகியதும் தேய்ந்த சீலால் பிடித்து வைக்க முடியாது. எங்கள் ஊர் வெயிலுக்கு இது இன்னும் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் காலை ஏழு மணி.

கரியரில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய், ரோட்டரிக்கென்று உள்ள கருவியால் அளந்தோம். சாதாரணக் கொம்பிரஷன் மீற்றர் இதற்குச் சரிவராது, ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியே காட்டவேண்டும். நல்ல எஞ்சினுக்கு அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ இருக்கவேண்டும், 6.9க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது என்பது மஸ்டாவின் கணக்கு. என் காரின் முன் ரோட்டரில் ஒரு முகமும் 5.6ஐத் தாண்டவில்லை. அளந்தவர் ஸ்டார்ட்டரைத் தொட்டுக் காட்டி, “இது புதுசு, வேகமாகச் சுத்துறது. பற்றறியும் புதுசு. ஆறின நேரம் பிடிக்கவைக்கத்தான் இதைப் போட்டிருக்கினம்” என்றார். வேகமான ஸ்டார்ட்டர் போட்டால் தளர்ந்த எஞ்சினும் கொஞ்சக் காலம் பிடிக்கும். காரை விற்பதற்கு அந்தக் கொஞ்சக் காலம் போதும்தானே.

ஆண்டு விஷயத்திலும் பொய். விளம்பரத்தில் 2007 என்று போட்டிருந்தார்கள், வாயாலும் அப்படியே சொன்னார்கள். 2007 என்பது இலங்கையில் முதலில் பதிந்த வருடம். செய்த வருடம் 2004. சி.ஆர். எனப்படும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். எங்களுக்கு முதலில் காட்டியதோ மங்கலான போட்டோ பிரதி, அதில் அந்த வரி வாசிக்கவே முடியாது. மூலப் பிரதி லீசிங் கொம்பனியில் இருக்கிறது, முழுக்காசும் கட்டியதும் எடுத்துத் தருகிறோம் என்றார்கள். நம்பர் பிளேட்டின் எழுத்தை வைத்து வயதைக் கணிப்பதும் இதே பள்ளத்தில்தான் விழுத்தும். அது பதிந்த காலத்தைத்தான் சொல்லும்.

கேட்கப் போனபோது கார் சேல்காரர் ரசீதை எடுத்து, “உள்ளது உள்ளபடி” என்று அச்சடித்த வரியைக் காட்டினார். எஞ்சினைத் திருத்த வந்த மதிப்பீடு காரின் விலையில் பாதிக்குக் கிட்ட. அப்படியே விற்கலாமா என்று விசாரித்தேன். ஆகக்கூடியது பதினெட்டு இலட்சம் சொன்னார்கள். அதில் ஒருவர் என்னிடம் விற்ற அதே புரோக்கர். வேறு நம்பரிலிருந்து பேசினார், குரலில் தெரிந்தது. பதினெட்டுக்கு வாங்கி, இன்னொரு காலை ஏழு மணிக்கு இன்னொருவருக்கு நாற்பதுக்குக் காட்டுவார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆகவே ஆர்எக்ஸ்-8 பார்க்கப் போனால் நண்பகலில் போங்கள். அரை மணித்தியாலம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் விட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கருவி கிடைக்காவிட்டால் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுற்ற வைத்துக் காதால் கேட்கலாம். புஸ், புஸ், புஸ் என்று ஒரே அளவில் ஒரே இடைவெளியில் வரவேண்டும். ஒன்று மெலிந்தாலும் சீல் போய்விட்டது. இதற்குப் பெரிய மெக்கானிக் தேவையில்லை. ஸ்டார்ட்டர் ஏன் புதிது என்றும் கேளுங்கள்.

ரோட்ஸ்டர் பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் உப்புக் காற்று அதைச் சும்மா விடாது. கன்வஸ் கூரையில் விழும் தண்ணீர் போக, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் துவாரம் உண்டு. அது அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மேலே புட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், பின் சில்லுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. 1.6 என்றால் சேசிஸ் நம்பர் என்ஏ6சிஇ என்று தொடங்கவேண்டும், 1.8 என்றால் என்ஏ8சி. புத்தகத்தில் உள்ளதும் உடம்பில் அடித்திருப்பதும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே வாசியுங்கள்.

என் கார் இப்போது கொழும்பில் பிரித்த நிலையில் கிடக்கிறது. எஞ்சினைச் செய்து ஓடத்தான் போகிறேன், விற்கமாட்டேன். மத்தியஸ்த சபையில் அடுத்த தவணைக்கு அளந்த றிப்போர்ட்டையும், விளம்பரத்தின் பிரதியையும், சி.ஆர். மூலப் பிரதியையும் கொடுக்கிறேன். இதே ஆட்களிடம் இதேபோல மாட்டிய வேறு யாராவது இருந்தால் தனிச் செய்தியில் எழுதுங்கள். இரண்டு முறைப்பாடு ஒன்றாகப் போனால் அந்த “உள்ளது உள்ளபடி” வரிக்குப் பின்னால் அவர்கள் ஒளிந்துகொள்வது கடினமாகும்.